கடிக்கும்போது பல்லுக்கு எப்படித் தெரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பெரம்பூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். "கடிச்சா ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்ற பேச்சைக் கேட்காத நாள் எனக்குக் கிடையாது. அந்த 'ஒரு மாதிரி' எந்த மாதிரி என்று கேட்டால் பலருக்கும் சொல்ல வராது. எனக்கும் நாற்காலிப் பக்கத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் அதை விளக்கிவிட முடியாது, வெளியே அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார். அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே குறித்து வைத்து, சாவகாசமாகப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

பல்லு கல்லு மாதிரி இருக்கு. அதுக்கு எப்படி டாக்டர் உணர்ச்சி?

கண்ணாடியில் நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பகுதியான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. நகத்துக்கும் கிடையாது. ஆனால் நகத்தின் நுனியில் தட்டினால் உங்களுக்குத் தெரிகிறது. அடியிலுள்ள சதை சொல்லிவிடுகிறது. பல்லிலும் அப்படித்தான்.

பல் தாடை எலும்பில் சிமெண்ட் போட்டு நட்ட கம்பம் போல நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. அதன் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள் கனம். அந்த இடுக்கு முழுக்க நார்கள். ஒரு முனை வேரில் பதிந்திருக்கும், மறுமுனை எலும்பில். தூளியில் கிடக்கிற குழந்தையைப் போல ஒவ்வொரு பல்லும் அந்த நார்களில் தொங்குகிறது. நாங்கள் பெரியோடான்டல் லிகமென்ட் என்போம். இங்கே நார்ப்படலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நீங்கள் கடிக்கும்போது பல் துளி கீழே இறங்குகிறது, துளி சாய்கிறது. நார்கள் இழுபடுகின்றன. நார்களுக்குள் பின்னிக் கிடக்கிற நரம்பு நுனிகளும் கூடவே இழுபடுகின்றன. அந்த இழுப்புதான் மூளைக்குப் போகிற செய்தி.

நரம்புன்னா பல்லுக்குள்ள இருக்கிறதுதானே? வெளியேயும் இருக்கா?

இரண்டு இடத்திலும் உண்டு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பாதிக் குழப்பம் தீரும்.

பல்லின் நடுக்கூழில், அதாவது பல்ப்பில் இருப்பது உள் நரம்பு. குளிர், சூடு, சொத்தை என்று எது வந்து தொட்டாலும் அது பெரும்பாலும் கூச்சமாகவோ வலியாகவோதான் சொல்லும், வேறு பாஷை அதற்குத் தெரியாது. வேரைச் சுற்றிய நார்ப்படலத்தில் இருப்பது வெளி நரம்பு. எவ்வளவு அழுத்தம், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் என்று அது பிரித்துச் சொல்லும். வலியைச் சொல்வதற்கென்று தனி நுனிகளும் அதே படலத்தில் உண்டு. எல்லாமே முகத்துக்கான முப்பிரிவு நரம்பின் கிளைகள்தான்.

அழுத்தத்தைச் சொல்கிற நுனிகளில் முக்கியமானவை ருஃபினி நுனிகள். தோலில் இவற்றை முதலில் விவரித்த இத்தாலிய மருத்துவர் ஏஞ்சலோ ருஃபினியின் பெயரால் வந்தது. மரக்கிளை மாதிரி பிரிந்து நார்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுபடும்போது நரம்பின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து மின்சைகை கிளம்பும். அப்படிப்பட்ட வாயில்களில் ஒன்றான பீசோ2 என்ற புரதத்தை அடையாளம் கண்ட ஆர்டெம் பட்டபூடியனுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தோலில் தொடுதலை உணர வைக்கிற அதே புரதம், எலிகளின் பல் நரம்புகளிலும் காணப்பட்டிருக்கிறது.

சோத்துல கல்லு கடிபட்டா நான் யோசிக்கிறதுக்குள்ள வாய் நின்னுடுது. அது எப்படி?

யோசனை வரைக்கும் அது போவதே இல்லை. பல் திடீரென்று எதிர்பாராத அழுத்தத்தைச் சந்தித்ததும் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்தே தாடையை மூடும் தசைக்கு 'நிறுத்து' என்று உத்தரவு திரும்புகிறது. இதற்கு ஆகிற நேரம் சுமார் 10 முதல் 15 மில்லிநொடி. கண் இமைக்கவே இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

இதில் எனக்கு எப்போதுமே வியப்பான விஷயம் ஒன்று உண்டு. உடம்பில் மற்ற இடங்களில் தொடுதலைக் கொண்டுவரும் நரம்பு செல்களின் உடல், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஒரு முடிச்சில் இருக்கும். பல்லைச் சுற்றிய நரம்புகளில் ஒரு பகுதிக்கும் தாடைத் தசையின் நீளத்தைச் சொல்லும் நரம்புகளுக்கும் மட்டும் செல்லின் உடல் மூளைத்தண்டுக்கு உள்ளேயே இருக்கிறது. கடித்தலுக்கு உடம்பு கொடுத்திருக்கிற இடம் அப்படி.

ஆனாலும் கல் மேல் இறங்கிய முதல் அழுத்தத்தைத் திரும்பப் பெற முடியாது. அடைத்து அடைத்து மெலிந்துபோன பல் அந்த முதல் அடியிலேயே விரிசல் விடலாம். கல் கடிபட்ட பிறகு ஒரு பல்லில் தொந்தரவு நீடித்தால் விட்டுவைக்காதீர்கள்.

கீரையை எத்தனை தடவ அலசினாலும் ஒரு துளி மண்ணு இருந்தா தெரிஞ்சுடுதே. எவ்வளவு சின்னது வரைக்கும் பல்லுக்குத் தெரியும்?

சொந்தப் பல் இருக்கிற ஒருவரால் மேலும் கீழும் பல்லுக்கு நடுவே 20 மைக்ரான் கனமுள்ள தகட்டைக்கூட உணர முடிகிறது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. சிலருக்கு அதைவிடவும் மெல்லியது தெரியும். தலைமுடி இதைப் போல மூன்று மடங்கு தடிமன்.

வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் முடி ஒன்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்து, மெதுவாகக் கடித்து, விரலால் இழுங்கள். முடி நகர்வது பல்லில் தெரியும். அதே முடியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் மந்தமாக இருக்கும். கீரை மண்ணில் இன்னொரு உதவியும் சேர்கிறது: நறநறவென்ற சத்தமும் அதிர்வும் எலும்பு வழியாக நேரே காதுக்குப் போய்விடும். சங்கரா மீனில் முள்ளைப் பிரித்தெடுக்கும்போது நாக்கும் உதடும் சேர்ந்துகொள்கின்றன. ஆக வாய்க்குள் எந்த உணர்வும் தனியாக வேலை செய்வதில்லை, ஆனால் கடினமானது எது, அது எந்தப் பல்லில் பட்டது என்று முதலில் சொல்வது பல்தான்.

பலமா கடிச்சாத்தானே நல்லா தெரியணும்?

நேர்மாறாக இருக்கிறது. எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுவீடனில் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்ஸ் ட்ரூல்சன், ரோலண்ட் ஜோஹன்சன் என்ற இருவர் 1990களில் விழித்திருக்கும் மனிதர்களின் கீழ்த்தாடை நரம்பில் மிக மெல்லிய ஊசி மின்முனையைச் செலுத்தி, ஒற்றை நரம்பிழை பேசுவதைப் பதிவு செய்தார்கள். பல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டினார்கள். பெரும்பாலான இழைகள் மிகச் சிறிய அழுத்தத்திலேயே மளமளவென்று பேசின. முன்பல்லில் சுமார் 1 நியூட்டன், கடைவாயில் சுமார் 4 நியூட்டன் தாண்டியதும் அழுத்தம் கூடினாலும் பேச்சு பெரிதாகக் கூடவில்லை. 1 நியூட்டன் என்பது 100 கிராம் எடைக்கல்லைப் பல்லின் மேல் வைத்த மாதிரி. ஆரோக்கியமான கடைவாய்ப் பற்களால் 500 நியூட்டனுக்கு மேலும் கடிக்க முடியும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய பலத்தில், முதல் துளியூண்டு பகுதியைத்தான் இந்த நுனிகள் நுணுக்கமாக அளக்கின்றன.

ஏன் அப்படி என்பது ஒரு வேர்க்கடலையில் விளங்கும். அதே இருவரும் முன்பற்களுக்கு நடுவே கடலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிறகு உடைக்கச் சொன்னார்கள். பிடிக்கும்போது எல்லாருமே 1 நியூட்டனுக்கும் குறைவாகத்தான் அழுத்தினார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பல்லை மரக்கச் செய்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னபோது பிடி பல மடங்கு இறுகியது, தாறுமாறாக ஏறி இறங்கியது. தசையின் பலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. எவ்வளவு பிடித்தால் போதும் என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத கடலையை நழுவாமல், நசுங்காமல் பிடித்து, சரியான கோணத்தில் திருப்பி, பிறகு ஒரே கடியில் உடைக்கிறோம். நாம் விரல் நுனியைத்தான் நுணுக்கமான உறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெரினாவில் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு கடலையாகப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பவரின் வாயில் நடக்கிற வேலையும் அதற்குக் குறைந்ததில்லை.

அப்படின்னா முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் வேலை வேற வேறயா?

ஆமாம். முன்பல்லைச் சுற்றி அழுத்த நுனிகள் அதிகம், எல்லாத் திசைத் தள்ளலையும் அவை உணரும். பின்னால் போகப் போக எண்ணிக்கை குறைகிறது. முன்பல் சோதித்துப் பார்க்கும், கடைவாய் அரைக்கும். முறுக்கை நேராகக் கடைவாய்க்குத் தள்ளாமல் முன்பல்லில் முதலில் கடித்துப் பார்க்கிறோமே, அந்த முதல் கடியில்தான் அது எவ்வளவு கெட்டி என்று கணக்குப் போடப்படுகிறது.

ஊசி போட்டப்புறம் கடிச்சா எதுவுமே தெரியல. பயமா இருக்கு, சாப்பிடலாமா?

பயம் வேண்டாம், உணர்வு திரும்பிவிடும். லிக்னோகெயின் ஊசி, நரம்பிழையில் செய்தி ஓடவிடாமல் கொஞ்ச நேரம் தடுக்கிறது. கீழ்த்தாடையில் போட்டால் உதடு மரத்திருப்பது பொதுவாக 3 மணி நேரத்துக்கு மேலும் நீளும். மரப்பு முழுக்கப் போகும்வரை சூடான காபியும் வேண்டாம், மென்று தின்பதும் வேண்டாம். கடலை விஷயத்தில் பார்த்த மாதிரி, மரத்த வாய் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்தும்.

குழந்தைகளைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி மகள் ஆறு வயதில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மரத்த உதடு வேடிக்கையாக இருக்கிறதென்று மென்றுகொண்டே டிவி பார்த்திருக்கிறாள். சாயங்காலம் உதடு வீங்கி வெள்ளைப் புண்ணாகிவிட்டது. ஒரு வாரத்தில் ஆறிற்று. அதற்கப்புறம் எந்தக் குழந்தைக்கு ஊசி போட்டாலும் பெற்றோரை நிறுத்தி இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பல்லை அடைச்சுட்டு வந்தேன். இப்ப அந்தப் பல்லு மட்டும் முதல்ல இடிக்குது. பழகிடுமா?

பழகட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு அடைப்பு தலைமுடி கனம் உயர்ந்திருந்தாலே உங்கள் பல்லுக்குத் தெரியும் என்று கீரை மண் கேள்வியில் பார்த்தோம். ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் அந்த ஒரு பல்லே முதல் அடியை வாங்கினால் நார்ப்படலம் நைந்து வீங்கும், இரண்டு மூன்று நாளில் கடித்தாலே வலிக்கும்.

நாங்கள் நிறத்தாளைக் கடிக்க வைத்துப் பார்ப்பது இதற்குத்தான். அடர் நீலப் புள்ளி விழுந்த இடத்தைத் துளி தேய்த்து இறக்குவோம். ஆனால் அந்த நேரம் நீங்கள் மரத்திருப்பீர்கள். 'இப்போ சரியா இருக்கா?' என்று கேட்டால் தலையாட்டுவீர்கள், உங்களுக்கே தெரியாது. மரப்பு போனபின் இடித்தால் மறுநாளே வாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்காகத் திரும்ப வருவதை எந்த மருத்துவரும் தொந்தரவாக நினைக்கக்கூடாது.

ரூட் கெனால் பண்ணி நரம்பையே எடுத்தாச்சு. அப்புறம் எப்படி கடிச்சா வலிக்கும்? ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. எடுத்தது உள் நரம்பை. வெளி நரம்பு நார்ப்படலத்தில் அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வேரின் நுனியைச் சுற்றி ஏற்கெனவே புண்ணாகியிருந்த படலம், சிகிச்சையின் உரசலும் சேர்ந்து, சில நாள் கடியில் வலிக்கும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் கவலையில்லை. குறையாமல் கூடினால், அல்லது பல மாதம் நன்றாக இருந்து திடீரென்று தொடங்கினால், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போன ஒரு கால்வாயோ வேரில் விரிசலோ இருக்கலாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லுக்குக் குளிர் தெரியாது, ஆனால் அழுத்தம் தெரியும். கடலையைப் பிடிக்க அதற்கு இன்னமும் தெரியும். "நரம்பெடுத்த பல் செத்த பல்தானே, பிடுங்கிடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காக.

பல்லு கொஞ்சம் தூக்கிக்கிட்ட மாதிரி இருக்கு. நாக்கு பட்டாலே உயிர் போகுது.

உங்களுக்குத் தோன்றுவது மெய்யாகவே நடக்கிறது. வேர் நுனியில் சீழோ நீரோ சேரும்போது, இரண்டு தாள் கனமுள்ள அந்த இடுக்கில் அது போக இடமில்லாமல் பல்லை மேலே தள்ளுகிறது. வீங்கிய படலத்தில் வலி நுனிகள் கொதித்துக்கொண்டிருக்கும், சாதாரணத் தொடுதலே அவற்றுக்கு வலியாகிவிடும். வாய்க்குள் பார்க்கிற சிறு கண்ணாடியின் கைப்பிடியால் நாங்கள் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பது இந்தப் படலத்தைக் கேள்வி கேட்கத்தான்.

இது காத்திருக்கிற சமாசாரம் இல்லை. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே போங்கள். செலவுதான் தயக்கமென்றால், கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரம்பூர் பக்கத்திலிருந்து சென்ட்ரலில் இறங்கிப் போகிறவர்கள் நிறைய.

கடிக்கும்போது வலிக்கல. கடிச்சுட்டு விடும்போதுதான் சுரீர்னு இழுக்குது.

இப்படிச் சொன்னாலே நான் விரிசலைத் தேடத் தொடங்கிவிடுவேன். கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் விலகுகின்றன. விடும்போது சட்டென்று சேர்கின்றன. பல்லின் இரண்டாம் அடுக்கான டென்டினில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். அந்தத் திரவம் அசையும்போது உள் நரம்பு துள்ளுகிறது. வலி கத்தி குத்தினது போல வந்து மறைந்துவிடும்.

எக்ஸ்-ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொரு முகட்டாகச் சிறிய பிளாஸ்டிக் கட்டையைக் கடிக்க வைத்து எந்த முகட்டில் இழுக்கிறது என்று பிடிக்க வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் கரும்பு கடித்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். சீக்கிரம் தெரிந்தால் கேப் போட்டுக் காப்பாற்றலாம். விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் பல்லே போய்விடும். அதனால் 'எப்பவாச்சும் ஒருதடவதான் வருது' என்று தள்ளிப்போடாதீர்கள்.

வலிக்குது, ஆனா எந்தப் பல்லுன்னே சொல்ல முடியல. நான் நடிக்கிறேன்னு வீட்ல சொல்றாங்க.

நீங்கள் நடிக்கவில்லை. உள் நரம்புக்கு இடம் சொல்லத் தெரியாது. சொத்தை பல்ப்பைத் தொட்ட நிலையில் கீழ்ப்பல் வலியை மேல்பல் என்றும், காது என்றும், நெற்றிப்பொட்டு என்றும் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் முகத்தின் ஒரே பாதிக்குள்தான் அலையும். அதே புண் வேர் நுனி வழியாக நார்ப்படலத்துக்கு வந்துவிட்டால் மறுநாளே விரலை வைத்து 'இதுதான்' என்று காட்டுவீர்கள், ஏனென்றால் இடம் சொல்லத் தெரிந்தது வெளி நரம்பு. எனக்கு இது துப்பு மாதிரி: வலி அலைகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவேன்.

சளி பிடிச்சா மேல் கடைவாய்ப் பல் எல்லாம் ஒண்ணா வலிக்குதே?

மேல் கடைவாய்ப் பற்களின் வேர், கன்னத்து எலும்பிலுள்ள சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது. நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது. அறையில் சளி கட்டினால் பற்கள் அழுத்துவது போலத் தெரியும். ஒரே பல் என்றில்லாமல் வரிசையாக வலித்தால், குனியும்போது கூடினால், முதலில் சைனஸைச் சந்தேகப்படலாம்.

பல்லுக்கு கிளிப் போட்ட முதல் நாள் ராத்திரி இட்லிகூட கடிக்க முடியல. இது சரியா?

சரிதான். கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் நார்ப்படலம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, அழற்சி தூண்டும் பொருள்கள் சுரந்து, வலி நுனிகளை உசுப்பிவிடுகின்றன. அதே பொருள்கள்தான் எலும்பைக் கரைத்துப் பல்லுக்கு வழிவிடவும் செய்கின்றன. போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். அதுவரை குழைந்த சாதம், ரசம். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் கிளிப் போட்டவரையே கேளுங்கள், எல்லா மாத்திரையும் இதற்கு ஒன்றல்ல.

ஈறு நோயால பல்லு ஆடுது. ஆனா வலியே இல்லையே, அப்புறம் என்ன?

வலி இல்லாததுதான் இதில் மோசம். ஈறு நோய் எலும்பையும் நார்ப்படலத்தையும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போகும். படலம் குறைந்தால் அதிலுள்ள நுனிகளும் குறையும். எவ்வளவு அழுத்துகிறோம் என்ற அளவு மழுங்கிப் போய், தாங்க முடியாத பல்லின் மேலேயே பலத்தைப் போடுவோம். ரத்தம் கசிகிற காலத்திலேயே வந்தால் இருக்கிற படலத்தைக் காப்பாற்ற முடியும்.

இம்பிளாண்ட் போட்டிருக்கேன். நல்லா மெல்லுது, ஆனா சொந்தப் பல் மாதிரி இல்ல. ஏன்?

டைட்டானியம் எலும்போடு நேராக ஒட்டிக்கொள்கிறது. 1965இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குப் பொருத்திய நாளிலிருந்து அந்த ஒட்டுதல்தான் இம்பிளாண்ட்டின் பலம். நடுவில் நார்ப்படலம் கிடையாது. சொந்தப் பல் கடியில் 25 முதல் 100 மைக்ரான் வரை இறங்கிக் கொடுக்கும். இம்பிளாண்ட் 3 முதல் 5 மைக்ரான்தான். அதனால் உங்கள் கடியைச் சரிசெய்யும்போது 8 மைக்ரான் தகடு ஒன்றை வைத்துப் பார்ப்போம். லேசாகக் கடித்தால் இம்பிளாண்ட் பக்கம் தகடு உருவிக்கொண்டு வர வேண்டும், பலமாகக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். பக்கத்துச் சொந்தப் பற்கள் இறங்கி இடம் கொடுத்த பிறகே இது வேலையை ஏற்கட்டும் என்று.

உணர்வே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. எலும்பு, அதன் மேல்சவ்வு, ஈறு, தசை, மூட்டு எல்லாம் சேர்ந்து சொல்கின்றன. மாதங்கள் போகப் போக மூளையும் அதைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. சொந்தப் பல்லுக்கு 20 மைக்ரான் தெரிகிற இடத்தில் இம்பிளாண்ட்டுக்கு 50 மைக்ரான் அளவில் தெரியும். ஆனால் கடலையைப் பிடிக்கச் சொன்னால் இம்பிளாண்ட் வைத்தவர்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். எலும்பைக் கடிப்பது, பாக்கு உடைப்பது போன்றவற்றை அந்தப் பக்கம் செய்யாதீர்கள்.

எங்க தாத்தாவுக்கு எல்லாப் பல்லையும் எடுத்துட்டு செட் கட்டலாம்னு இருக்கோம். ரெண்டு வேர் நல்லா இருக்காம், விட்டு வைக்கணுமா?

முடிந்தால் விட்டு வையுங்கள். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல் வேர்களை மட்டும் வைத்து, சிகிச்சை செய்து, மட்டமாக்கி, மேலே செட் பொருத்தினோம். முதல் மாதம் கழித்து வந்தவர், பட்டாணி சுண்டலில் தோல் உரிகிறது தெரிகிறது என்றார். மேல் செட்டில் அது தெரியவில்லை என்றும் அவராகவே சொன்னார். வேர் இருக்கும்வரை அதைச் சுற்றிய நார்ப்படலம் இருக்கும், படலம் இருக்கும்வரை நுனிகள் இருக்கும். கூடவே அந்த இடத்து எலும்பும் சீக்கிரம் கரையாது. வேரைத் தினமும் துலக்க வேண்டும், அது ஒன்றுதான் கண்டிப்பு.

பையன் கிரிக்கெட் ஆடும்போது பல்லு வேரோட வந்துடுச்சு. அதுல ஒட்டியிருக்கிற சதையைக் கழுவணுமா?

கழுவித் தேய்க்கவே கூடாது, அந்தச் சதைதான் நார்ப்படலம். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மண் இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒருமுறை அலம்பி, முடிந்தால் அங்கேயே குழியில் திருப்பி வைத்து, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி வாருங்கள். வைக்கப் பயமாக இருந்தால் பக்கத்துக் கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கி, பாலில் போட்டு எடுத்து வாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. காய்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் படலத்தின் செல்கள் செத்துவிடும். அப்புறம் பொருத்தினாலும் வேர் எலும்போடு ஒட்டிக்கொண்டு, தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும். பால் பல்லாக இருந்தால் மட்டும் திருப்பி வைக்கக்கூடாது, அடியில் வளர்கிற நிலைப்பல்லுக்குச் சேதம்.

லேசா தொட்டாலே மின்சாரம் மாதிரி அடிக்குது. ரெண்டு பல்லை எடுத்தும் போகல. மூணாவதையும் எடுத்துடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். பலமாகக் கடித்தால் ஒன்றுமில்லை, ஆனால் முகம் கழுவும்போதோ, காற்று பட்டாலோ, பிரஷ் லேசாக உரசினாலோ சில நொடிக்கு ஷாக் அடித்த மாதிரி வந்து போகிறது என்றால், பல்லும் நார்ப்படலமும் நன்றாகவே இருக்கலாம். கோளாறு முப்பிரிவு நரம்பின் தண்டிலேயே இருக்கலாம். பல சமயம் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். லேசான தொடுதலை அது வலியாக மாற்றி அனுப்புகிறது.

மேலே சொன்ன கணக்கெல்லாம் இங்கே உதவும். தட்டிப் பார்த்து வலியில்லை, கடிக்க வைத்து வலியில்லை, குளிர் வைத்துப் பல்ப்பும் சரி, படத்தில் படலத்தின் கோடு சீராக இருக்கிறது. அப்படியானால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கார்பமசெபின் என்ற மாத்திரையில் பலருக்கும் அடங்கிவிடும். பல்லை எடுத்துவிட்டு என்னிடம் வந்த ஒரு அம்மா, மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் வந்து, மூன்றாவது பல்லைத் தொட்டுக் காட்டி, "இது இப்ப நல்லா கடிக்குதும்மா" என்றார்.